ஸ்டாண்டில் இழுக்கும் மாடல், தரையில் ஏன் எழவில்லை?

கேள்வி: நான்கு டக்டட் ஃபேன் (குழாய்க்குள் சுழலும் மின்விசிறி) வைத்து, நின்ற இடத்திலிருந்தே நேராக எழும் ஜெட் மாடல் செய்திருக்கிறேன். எடை 1.8 கிலோ. உயரமான ஸ்டாண்டில் அளந்தால் உந்துவிசை 2 கிலோ வருகிறது. தரையில் வைத்தால் ஆடுகிறதே தவிர எழவில்லை. தரைக்குப் பக்கத்தில் ஹெலிகாப்டருக்குத் தூக்குவிசை கூடும் என்கிறார்களே?

பதில்: மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள், ஃபேன்கள் சரியாகத்தான் ஓடுகின்றன. ஹெலிகாப்டர் பெரிய வட்டத்தில் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. தரை அதற்குக் கைகொடுக்கும். ஃபேன் பீய்ச்சும் ஜெட் தாரையோ ஒல்லியானது, வேகமானது. தரையில் மோதியதும் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் பார்ப்பதுபோல் மெல்லிய படலமாக நாலாபக்கமும் விரிகிறது. போகிற போக்கில் வயிற்றுக்கு அடியில் இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. இடைவெளி குறுகலாக இருப்பதால் வெளிக்காற்று உள்ளே வந்து ஈடுகட்ட முடிவதில்லை. அடியில் அழுத்தம் இறங்க, மேலிருக்கும் காற்று விமானத்தைக் கீழே அமுக்குகிறது. இதைத்தான் சக்-டவுன் என்கிறோம்.

நான்கு தாரைகள் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். படலங்கள் நடுவில் முட்டிக்கொண்டு, ஊற்றுபோல மேலே பாய்ந்து வயிற்றில் அடிக்கும். அது நமக்குச் சாதகமான விசை. ஆனால் வயிறு உருண்டையாக இருந்தால் பக்கவாட்டில் வழிந்துவிடும். மாடல் கொஞ்சம் சாய்ந்தாலே ஊற்று அடிக்கும் இடமும் நகரும். உங்கள் மாடல் ஆடுவது பெரும்பாலும் இதனால்தான்.

நின்ற இடத்திலிருந்தே எழும் போர் விமானமான ஹாரியரைச் செய்தவர்களும் இதில் அல்லாடியவர்கள்தான். 1960 அக்டோபரில் இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்டில் அதன் முன்னோடி பி.1127-ஐ முதன்முதலாக எழுப்பியபோது, விமானத்தைக் கட்டிவைத்து, குழிமேல் போட்ட இரும்புக் கிராதியிலிருந்துதான் எழுப்பினார்கள். அவர்களுக்குச் சூடான வாயு திரும்ப இஞ்சினுக்குள் போய் உந்துவிசையையே குறைக்கும் தொல்லையும் இருந்தது; மின்விசிறி ஓட்டும் உங்களுக்கு அது இல்லை. பின்னால் வந்த ஏவி-8பி ஹாரியரில், வயிற்றின் இருபுறமும் நீளவாக்கில் தடுப்புகள், முன்னால் குறுக்கே மடக்கும் தட்டி ஒன்று. ஊற்றுக் காற்றை அப்படியே சிறைபிடித்தார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். டெப்ரான் என்ற லேசான நுரைத் தாளில் மூன்று விரற்கடை உயரப் பட்டைகள் வெட்டி, வயிற்றின் இரு ஓரத்திலும் முன்புறக் குறுக்கிலும் ஒட்டுங்கள். தாரைகள் அவற்றில் உரசக்கூடாது. கால்களையும் உயர்த்துங்கள்.

அளக்கும்போது மாடலைத் தராசுத் தட்டில் வைக்காதீர்கள். தாரை தட்டையே அமுக்கி எண்ணைப் பொய்யாக்கும். மேலே ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு, த்ராட்டிலை (வேகக் கட்டுப்பாட்டை) பாதியில் நிறுத்தி, அடியில் ஒரு பலகையைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த உயரத்தில் தராசு அதிகம் காட்டத் தொடங்குகிறதோ, அங்கே சக்-டவுன் ஆரம்பம். பட்டை ஒட்டும் முன்பும் பின்பும் இதைச் செய்து பாருங்கள்.

இத்தனைக்கும் மேலே, 1.8 கிலோவுக்கு 2 கிலோ உந்துவிசை என்பது ரொம்பக் குறைச்சல். நம் விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விராட்டில் சீ ஹாரியர்கள்கூட ஓடி, ஸ்கீ-ஜம்ப் என்ற மேல்நோக்கி வளைந்த சாய்தளத்தில் ஏறித்தான் கிளம்பின. நேராக வந்தது இறங்கும்போதுதான், எரிபொருள் செலவாகி எடை குறைந்த பிறகு. முதலில் 1.5 கிலோவுக்குக் கொண்டுவரப் பாருங்கள். சின்ன பேட்டரியிலிருந்து தொடங்கலாம்.