வாய்ஸ் ஓவரை வெட்டுங்கள்

வணக்கம். தத்துவ அறிவியல் புனைகதை நாவல் ஒன்றைத் திரைக்கதையாக்குவதாகவும், நாயகன் யோசிப்பதையெல்லாம் வாய்ஸ் ஓவரில் (பின்னணிக் குரலில்) ஏற்றியதில் முதல் பதினைந்து பக்கமும் பிரசங்கமாகிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். தயங்காமல் வெட்டுங்கள்.

ஸ்டனிஸ்லாவ் லெம் 1961இல் வெளியிட்ட 'சோலாரிஸ்' நாவலில், சோலாரிஸ் என்ற கடல் சூழ்ந்த கிரகத்தைப் பற்றிய ஆய்வு வரலாறே பக்கம் பக்கமாக ஓடும். 1972இல் அதைப் படமாக்கிய தார்கோவ்ஸ்கி அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளவில்லை. படத்தில் விண்வெளி நிலையத்தின் காற்றுத் துவாரத்தில் காகிதக் கீற்றுகளை ஒட்டி வைத்திருப்பார்கள். இரவில் அது இலை சலசலப்பது போலக் கேட்கும். பூமியை விட்டு வந்தவனின் ஏக்கத்தைச் சொல்ல அதற்கு மேல் வசனம் எதற்கு?

ஆனால் லெமுக்குப் படம் பிடிக்கவில்லை. புரிந்துகொள்ளவே முடியாத ஒன்றை மனிதன் எதிர்கொள்வது அவருடைய நாவல். படமோ நாயகனின் குற்றவுணர்வின் பக்கம் சாய்ந்துவிட்டது. (அவர் கோபம் நியாயம்தான், படமும் நல்ல படம்தான்.) நீங்களும் நாவலின் கேள்விகளில் ஒன்றைத்தான் தூக்கிச் சுமக்க முடியும், எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

அப்புறம், நாயகன் அடிக்கடி கையில் எடுக்கும் பொருள் ஏதாவது கதையில் இருக்கிறதா? அதை அவன் எடுக்கும் ஒரு காட்சியை மட்டும் வசனமே இல்லாமல் எழுதிப் போடுங்கள், பார்க்கலாம்.