ஜீப்பை விட்டு இறங்கிய முதல் அரை மணி நேரம்

கேள்வி: விடியற்காலையில் ஜீப் ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் 8 வயது மகனும் 4 வயது மகளும் மேலே வந்து விழுகிறார்கள். கத்துகிறேன், சில நாள் அடித்தும் விடுகிறேன். ராத்திரி தனியாக அழுகிறேன். நான் நல்ல அம்மா இல்லையோ?
- வாசகி, கம்பம்

பதில்: சகோதரி, நாள் முழுக்கக் குனிந்து காய் பறித்த உடம்பில் பொறுமை தீர்ந்துதான் போகும். அது குணக்கேடு அல்ல. பிள்ளைகளுக்கும் அதே நேரத்தில்தான் பசியும் ஏக்கமும். ஆகவே அந்த முதல் அரை மணி நேரத்தைச் சரிசெய்தாலே பாதிச் சண்டை குறையும்.

நீங்கள் வரும் முன்பே வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சுண்டலோ வாழைப்பழமோ கொடுத்துவிடட்டும். கைகால் கழுவிவிட்டு வாசலில் உட்காருங்கள். 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். பத்து முறை போதும். விடுகிற மூச்சு நீண்டால் நெஞ்சுப் படபடப்பு தணியும். அடுத்த 10 நிமிடம் பிள்ளைகளுக்கு. விளையாட்டை அவர்களே சொல்லட்டும். செல்போன் வேண்டாம், "வீட்டுப்பாடம் எழுதினியா?" என்ற விசாரணையும் வேண்டாம். அம்மா தினமும் நிச்சயம் கிடைப்பாள் என்று தெரிந்த பிள்ளை, சேட்டை செய்து அவளை இழுப்பது குறையும். அடுப்பு அதற்குப் பிறகுதான்.

வேலை சொல்லும்போது பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். "ஓடாதே" என்பதைவிட "மெதுவா நட" என்பது சின்னப் பிள்ளைக்குச் சீக்கிரம் புரியும். மனசுக்குள் 5 எண்ணிக் காத்திருங்கள். செய்துவிட்டால் "தட்டை எடுத்து வச்சிட்டியே, நல்லாயிருக்கு" என்று செய்ததைக் குறிப்பிட்டே பாராட்டுங்கள்.

பலர் சறுக்குவது செல்போன் அழுகையில். கொடுப்பதை நிறுத்தினால் முதல் சில நாள் அழுகை கூடும். அப்போது கொடுத்தால், இன்னும் உரக்க அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். தாங்க முடியாத அளவு அலுப்பான நாளில், அழும் முன்பே நீங்களாக 15 நிமிடம் கொடுத்துவிடுவது மேல்.

கை ஓங்கத் தோன்றினால் பிள்ளையைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடியுங்கள். அடித்துவிட்டால், "அம்மா அடிச்சது தப்பு" என்று சொல்லுங்கள். "ஆனா நீ..." என்று சேர்த்தால் அது மன்னிப்பு ஆகாது.

அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நேரில் போக, கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கேள்வி: கொல்லத்தில் வேலை, மாதம் ஒருமுறைதான் வீடு. 3 வயது மகள் என்னைக் கண்டால் ஒளிகிறாள்.
- வாசகர், செங்கோட்டை

பதில்: இந்த வயதில் இது இயல்பு. வந்ததும் தூக்காதீர்கள், தரையில் உட்கார்ந்து அவள் பொம்மையோடு நீங்கள் விளையாடுங்கள், அவளே வருவாள். ஊரில் இல்லாத நாட்களில் ஒரே நேரத்தில் 5 நிமிட வீடியோ அழைப்பு போதும். அதில் அவள் செய்த குறும்பைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.