பெரியப்பா இல்லாத குழு

கேள்வி: ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் பிள்ளைகளும் ஜனநாயகக் கட்சிப் பக்கம். கணவரின் அண்ணனுக்கு 71 வயது, டேட்டனில் இருக்கிறார், டிரம்ப்பின் தீவிர ஆதரவாளர். குடும்பத்தில் முதலில் அமெரிக்கா வந்தவர் அவர்தான். அவர் போட்ட குடியேற்ற மனுவில்தான் 2006-ல் நாங்கள் கைக்குழந்தையோடு இங்கே வந்தோம். தேங்க்ஸ்கிவிங் விருந்து எப்போதும் எங்கள் வீட்டில்தான். 2024 தேர்தல் முடிந்த கையோடு வந்த தேங்க்ஸ்கிவிங்கில் பேச்சு முற்றி, அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். அடுத்த வருடம் உடம்பு சரியில்லை என்று வரவில்லை.

சண்டை வேண்டாம், சிரித்தே இதைத் தாண்டிவிடலாம் என்று நான் பார்க்கிறேன். ராத்திரி டிவி நிகழ்ச்சிகளில் வரும் அரசியல் ஜோக்குகளைப் போட்டுக் காட்டுவேன். கல்லூரியில் படிக்கும் என் மகன், பெரியப்பா இங்கிலீஷில் அரசியல் பேசுவதை அச்சு அசலாகப் பேசிக் காட்டுவான். இந்த வீடியோக்களுக்கென்றே வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அவருடைய மகள்கூட இருக்கிறாள். அதில் பெரியப்பா இல்லை, அதனால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் என் தம்பிக்கும் அதைப் பார்த்தால் மனசு லேசாகிறது. ஆனால் நேரில் ஒரு ஜோக் சொன்னால் பெரியவர் முகம் சுருங்கிவிடுகிறது. அவரை எப்படிச் சிரிக்க வைப்பது?
— ஒரு வாசகி, ஒஹாயோ

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. ‘அதில் பெரியப்பா இல்லை, அதனால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.’ அவரை எப்படிச் சிரிக்க வைப்பது என்பது அப்புறம். முதலில் இந்தக் குழுவைப் பற்றிப் பேசுவோம்.

அவரை வைத்துச் சிரிக்க ஒரு குழு. அதில் அவருடைய தம்பி இருக்கிறார், தம்பி மனைவி இருக்கிறீர்கள், அவர் பெற்ற மகளே இருக்கிறாள். அந்தப் பெண் ராத்திரி போன் போட்டு ‘சாப்பிட்டீங்களாப்பா’ என்று கேட்கும்போது, காலையில் அப்பாவைக் கிண்டல் செய்து வந்த வீடியோ அவள் மனசுக்குள் ஓடாதா? அவரை மட்டும் ஏன் சேர்க்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பார்த்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் வெளியே வைத்தீர்கள். வலிக்கும் என்று தெரிந்த ஒன்றைத் தமாஷ் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

இன்னொன்றும் சொல்கிறேன். குடும்பத்தில் இத்தனை பேருக்குத் தெரிந்த சங்கதி ஒருவருக்கு மட்டும் தெரியாமலே இருந்துவிடாது. மேசையில் கிடக்கும் போனில் கண் பட்டிருக்கும், இல்லையென்றால் யாராவது வாய் தவறியிருப்பார்கள். அவர் வராததற்கு உடம்புதான் காரணம் என்று நீங்கள் நம்புகிறீர்கள். நான் நம்பவில்லை.

நீங்கள் இருக்கும் நாட்டிலேயே எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து சிரிப்பதற்கு நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் ஸ்மித் நினைவு விருந்து என்று ஒன்று நடக்கும். 1928-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்ற கத்தோலிக்கர் அவர். அவர் பெயரில் கத்தோலிக்க தர்ம காரியங்களுக்குப் பணம் திரட்டும் விருந்து. 1960-ல் கென்னடியும் நிக்சனும் ஒரே மேடையில் வந்து உட்கார்ந்தார்கள். அதிலிருந்து தேர்தல் வருடங்களில் இரண்டு வேட்பாளர்களும் வந்து ஒருவரையொருவர் கிண்டல் செய்வது பெரும்பாலும் நடக்கிறது. கிண்டல் செய்யப்படுகிறவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பார். அடுத்து மைக் அவர் கைக்குப் போகும். இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்: சிரிக்கப்படுகிறவர் அறையில் இருக்கிறார், பதில் சொல்ல அவருக்கும் முறை வருகிறது.

2008-ல் அதே மேடையில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்னும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒபாமாவும் பேசினார்கள். மெக்கெய்ன் தன் ஆலோசகர்களையெல்லாம் வேலையை விட்டு நீக்கிவிட்டு ஒரு பிளம்பரை வைத்துக்கொண்டதாகச் சொன்னார். தன் பிரசாரத்தில் அவர் ஓயாமல் இழுத்த பிளம்பர் பெயரைத் தானே கிண்டல் செய்துகொண்டார். ஒபாமா, தான் மாட்டுத் தொழுவத்தில் பிறக்கவில்லை, அது வதந்தி என்றார். அவரை இயேசுவாக நினைத்துக் கொண்டாடிய அவருடைய ஆட்களுக்குத்தான் அந்த அடி. இரண்டு பேரும் முதலில் தங்கள் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரம் அது.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. 2011 ஏப்ரலில், வெள்ளை மாளிகை நிருபர்கள் விருந்தில் ஒபாமா டிரம்ப்பைக் கிண்டல் செய்தார். ஒபாமா அமெரிக்காவில் பிறக்கவில்லை என்ற புரளியை டிரம்ப் ஊர் முழுக்கப் பரப்பியிருந்தார், கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் டிரம்ப் அன்று விருந்தாளியாக ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தார், அவர் கையில் மைக் இல்லை. கூடமே சிரித்தது. அவர் சிரிக்காமல் இருந்த முகத்தை நாடே டிவியில் பார்த்தது. அந்த ராத்திரி நாட்டில் ஒருவருடைய மனசும் மாறவில்லை. உங்கள் வாட்ஸ்அப் குழு இந்த இரண்டில் எதைப் போல இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். உங்கள் பெரியவருக்கு மைக் மட்டுமில்லை, நாற்காலியே கிடையாது.

நீங்கள் நேரில் சொல்லும் ஜோக்குக்கு அவர் முகம் ஏன் சுருங்குகிறது என்று இப்போது புரிகிறதா? ராத்திரி நிகழ்ச்சித் துணுக்குகளைப் போடுகிறீர்கள். அவற்றில் முக்கால்வாசி அவருடைய தலைவரையும், அவரைப் போல ஓட்டுப் போட்டவர்களையும் முட்டாளாக்கும் ஜோக். உங்கள் கட்சி தோற்றதே, அதைப் பற்றி ஒரு ஜோக் அவர் எதிரில் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் ரூத் பேடர் கின்ஸ்பர்க், அன்டோனின் ஸ்கலியா என்று இரண்டு நீதிபதிகள் இருந்தார்கள். கருக்கலைப்பிலிருந்து பெண்ணுரிமை வரை அவர்கள் ஒத்துப்போகாத விஷயங்கள் ஏராளம். இருந்தும் புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் சாப்பிடும். 1994-ல் இருவரும் இந்தியா வந்து ஒரே யானை மேல் ஏறினார்கள். முன்னால் பருத்த உடம்போடு ஸ்கலியா, பின்னால் ஒல்லியான கின்ஸ்பர்க். அந்தப் படம் கின்ஸ்பர்க்கின் அறையில் இருந்தது. ‘பெண்ணுரிமை பேசுகிற நீ ஏன் பின்னால் உட்கார்ந்தாய்’ என்று தோழிகள் கேட்டார்களாம். எடையைச் சரிக்கட்டத்தான் என்பது அவர் பதில். ஸ்கலியா பக்கத்தில் இருக்கும்போதே மேடையில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சிரிப்போடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்ற 1996 தீர்ப்பை எழுதியவர் கின்ஸ்பர்க். எதிர்த்தவர் ஸ்கலியா ஒருவர்தான். தன் எதிர்த் தீர்ப்பின் வரைவை அவர் முன்கூட்டியே கொண்டுவந்து கின்ஸ்பர்க் கையில் கொடுத்தார், பதில் எழுத அவகாசம் கிடைக்கட்டும் என்று. அந்த வாரக் கடைசியே பாழாய்ப் போனது, ஆனால் தீர்ப்பு அதனால் இன்னும் நன்றாக வந்தது என்று கின்ஸ்பர்க் பிறகு சொன்னார். முகத்துக்கு நேரே எதிர்க்க ஒருவருக்கொருவர் இடம் கொடுத்தார்கள். அதனால்தான் யானை ஜோக் அங்கே வலிக்கவில்லை.

நார்மன் மினெட்டா, ஆலன் சிம்ப்சன் என்ற இன்னும் இரண்டு பேரையும் உங்கள் மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். வயோமிங் மாநிலத்து ஹார்ட் மவுண்டன் முகாமில் மினெட்டா சிறுவன். பக்கத்து ஊரிலிருந்து சாரணர் சிறுவர்களோடு உள்ளே போன வெள்ளைக்காரப் பையன் சிம்ப்சன். இரண்டு பேரும் ஒரே கூடாரம் போட்டு, மழைத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி, அதைக் கீழே இருந்த ஒரு முரட்டுப் பையனின் கூடாரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அவன் கூடாரம் சரிந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். வளர்ந்து மினெட்டா ஜனநாயகக் கட்சி எம்.பி., சிம்ப்சன் குடியரசுக் கட்சி செனட்டர். உங்களுக்குள் பெரிய வித்தியாசம் என்ன என்று கேட்டபோது, வெகுநேரம் யோசித்துவிட்டு, காலணி அளவு என்று சிம்ப்சன் சொன்னதாக மினெட்டா சொல்வதுண்டு. மினெட்டா 2022-ல் சாகும்வரை அந்த நட்பு இருந்தது. கிண்டல் செய்தால் அவர்களைப் போலக் கூடவே உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள்.

மகன் விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் கோபம்தான். அவன் பேசிக் காட்டுவது பெரியப்பாவின் அரசியலையா, பெரியப்பாவின் இங்கிலீஷையா? அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் அலுவலகம் அலுவலகமாக நின்று உங்கள் மனுவை நடத்தினார். கூடப்பிறந்தவர்களுக்கான விசாவில் இந்தியர்கள் அந்தக் காலத்திலேயே பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அத்தனை வருடம் கழித்து உங்கள் முறை வந்தபோது அவர் ஐ-864 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். தம்பி குடும்பத்துக்கு வருமானம் இல்லாமல் போனால் நான் காப்பாற்றுகிறேன் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் அது. நீங்கள் குடியுரிமை வாங்கும்வரை, இல்லையென்றால் ஏறக்குறைய பத்து வருட வேலைக் கணக்கு முடியும்வரை, அது அவரைச் சட்டப்படி கட்டும். அதில் உங்கள் கைக்குழந்தையின் பெயரும் இருந்திருக்கும். அந்தக் குழந்தைதான் இன்று வீடியோ எடுத்துப் போடுகிறது. இந்தக் காகிதத்தைப் பற்றி மகனிடம் என்றாவது பேசியிருக்கிறீர்களா? இந்தக் குடியேற்ற வழியைத் திறந்த 1965 சட்டமே இரண்டு கட்சி எம்.பி.க்களும் சேர்ந்து ஓட்டுப் போட்டு வந்தது என்பதையும் அவன் தெரிந்துகொள்ளட்டும்.

பெரியவர்களோடு பிள்ளைகள் வாதாடலாம், நானே அதை ஆதரிப்பவள். ‘பெரியப்பா, இது தப்பு’ என்று முகத்துக்கு நேரே சொல்லட்டும். முதுகுக்குப் பின்னால் வலிச்சம் காட்டுவதைப் பெற்றவள் பார்த்துச் சிரித்தால், நாளைக்கு உங்கள் வயதான காலத்தில் உங்கள் நடையையும் பேச்சையும் அவன் யாருக்கோ செய்து காட்டுவான்.

அவர் பக்கம் தப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. கடுமையாக எதையோ பேசியிருப்பார், சாப்பாட்டிலிருந்து எழுந்ததும் சரியில்லை. ஆனால் எனக்குக் கடிதம் எழுதியது அவர் இல்லை, நீங்கள்.

உங்கள் தம்பியின் விசா விஷயத்துக்கு ஜோக் வேண்டாம். புதிதாக எச்-1பி விண்ணப்பம் போடும் நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. வேலை போனால் என்ன செய்வது என்று தூக்கம் வராமல் கிடப்பவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பயம் மீம் பார்த்துத் தீராது. பெரியவரிடம் நேராகக் கேளுங்கள்: ‘என் தம்பி இப்படித் தவிக்கிறான், நீங்கள் ஓட்டுப் போட்ட ஆட்சியில் இது சரிதானா?’ ஒருவேளை அவர் தலைவரை விட்டுக்கொடுக்காமல் பேசுவார். அப்புறம் நல்ல வக்கீல் பெயரையும் சொல்வார். குடியேற்றக் காகிதங்களோடு அந்த வீட்டில் அவரைவிட மல்லாடியவர் யார் இருக்கிறார்கள்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் குழுவை இன்றைக்கே மூடுங்கள். ஏன் மூடுகிறீர்கள் என்று அதிலேயே எழுதிவிட்டு மூடுங்கள், அண்ணன் மகள் அதைப் படிக்க வேண்டும். தேங்க்ஸ்கிவிங்குக்கு அழைப்பது உங்கள் வேலை இல்லை, உங்கள் கணவர் வேலை. உங்கள் கடிதத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுவும் எனக்கு உறுத்துகிறது. அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன பிறகு தம்பி வண்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாரா? இப்போதாவது ‘அண்ணா, நீங்க வராம நாங்க இலை போட மாட்டோம்’ என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அரசியல் பேசக் கூடாது என்று நிபந்தனை போடாதீர்கள், அது அவரைப் பாதி வாசலில் நிறுத்துவது. அவர் ஆரம்பித்தால் பேசட்டும். முதல் ஜோக்கை உங்கள் கட்சியைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள், இரண்டாவதை அவர் சொல்லட்டும், அது உங்களைக் குத்தினாலும் சிரியுங்கள்.

அப்படியும் வரமாட்டேன் என்றால், சமைத்ததைக் கட்டிக்கொண்டு டேட்டனுக்கு நீங்கள் போங்கள். கொலம்பஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். மகனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், பாத்திரத்தை அவன் தூக்கிக்கொண்டு வரட்டும்.