வண்டி நிற்கிற இடத்தில் சார்ஜ் கேளுங்கள்

(மலையகத்து நீர்மின் நிலையங்களில் 31 வருடம் மின்சார வேலை பார்த்து ஓய்வுபெற்ற எமது பத்தியாளர், இந்த இதழில் மின்சார வண்டிகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, மஸ்கெலியாவில் த்ரீவீல் ஓட்டுகிறேன். 2022-இல் பெட்ரோல் வரிசையில் நின்றதிலிருந்தே மின்சார வண்டிக்கு மாறும் எண்ணம். சார்ஜ் வசதி கேட்டுப் பிரதேச சபைக்கு மனு எழுதலாம் என்று ஸ்டாண்டில் நாலைந்து பேர் பேசிக்கொண்டோம். டவுனில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் வைக்கச் சொல்லலாமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: தம்பி, அந்த வரிசையை நானும் மறக்கவில்லை. பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது த்ரீவீலுக்கு வாரத்துக்கு 5 லீட்டர். நம் ஏற்றத்தில் அது எத்தனை ஹயர் ஓடப் போதும் என்று உங்களுக்கே தெரியும். மனு கட்டாயம் எழுதுங்கள். ஆனால் ஃபாஸ்ட் சார்ஜர் கேட்காதீர்கள்.

முதலாவது, பெரும்பாலான மின்சார த்ரீவீல்கள் அந்தச் சார்ஜரை ஏற்கவே ஏற்காது. சாதாரண 13 அம்பியர் பிளக்கில் போடுகிற மாதிரித்தான் அவை வருகின்றன. உங்கள் பேட்டரி 8 யூனிட் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிளக்கிலிருந்து மணிக்கு 2 யூனிட் எடுத்தால் நாலு மணித்தியாலத்தில் நிரம்பிவிடும். காலையில் ஸ்கூல் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, பகல் பஸ் வரும்வரை ஸ்டாண்டில் சும்மா நிற்கும் நேரத்திலேயே பாதி ஏறிவிடும்.

இரண்டாவது, டிரான்ஸ்போமர். நம் சிறு டவுன்களில் 100 அல்லது 160 கேவிஏ (அது தாங்கும் சுமையின் அளவு, ஏறக்குறைய கிலோவாட் மாதிரித்தான்) டிரான்ஸ்போமர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். 50 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜர் ஒன்றே அதில் பாதியையோ மூன்றில் ஒன்றையோ விழுங்கிவிடும். பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட் எரியும் நேரத்தில் அதுவும் சேர்ந்தால் வோல்டேஜ் விழும். பெரிய டிரான்ஸ்போமர் போட ஆகும் செலவைக் கேட்டதும் சபை ஃபைலை மூடிவைத்துவிடும். அதே இடத்தில் 2 கிலோவாட் பிளக் எட்டு வைத்தால் மொத்தமே 16 கிலோவாட்தான். கூரை, மின்மானி, எர்த், ஆளுக்கொரு ட்ரிப் சுவிட்ச். செலவு சபை தாங்கக்கூடியது. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் போடலாம்.

மனுவில் நல்லதண்ணியையும் சேருங்கள். மார்கழி போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு வருகிறவர்கள் ராத்திரி அங்கே வண்டியை விட்டுவிட்டு ஏறுகிறார்கள். சூரிய உதயம் பார்த்து இறங்கிவர எட்டு ஒன்பது மணியாகும். இரவு 10.30 முதல் காலை 5.30 வரைதான் மின்கட்டணக் கணக்கில் உச்சம் இல்லாத, அதாவது பாவனை குறைந்த நேரம். யாத்திரிகர் மலையில் இருக்கும் அந்த ஏழு மணித்தியாலத்தில் 3 கிலோவாட் பிளக் ஒரு காருக்கு 21 யூனிட் ஏற்றிவிடும். வண்டி ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நிற்கும்போது ஃபாஸ்ட் சார்ஜர் எதற்கு?

ஏற்றத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1,600 கிலோ கார் 1,200 மீட்டர் உயரம் ஏற, உயரத்துக்கு மட்டுமே 5 யூனிட்டுக்கு மேல் போகும். இறங்கும்போது மோட்டரே ஜெனரேட்டர் மாதிரி ஓடி அதில் ஒரு நல்ல பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். அதனால் அவிசாவளையிலிருந்து ஏறி வருகிறவனுக்கு மேலேதான் சார்ஜ் தேவை. கீழே எத்தனை வைத்தாலும் நல்லதண்ணி, ஹட்டன், நுவரெலியாவில் இல்லையென்றால் அவன் பயந்து பயந்துதான் வருவான்.

இன்னொன்று. பழைய மஸ்கெலியா டவுனை மவுசாக்கலைத் தண்ணிக்குக் கொடுத்த ஊர் உங்களுடையது. அந்தத் தண்ணீர் கெனியன், நியூ லக்சபான, பொல்பிட்டிய என்று இறங்கி இறங்கி நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கிறது. என் வேலைக்காலம் முழுக்க அந்த டர்பைன் சத்தத்தில்தான் போனது. அந்த ஊரில் எட்டுப் பிளக் கேட்பதற்கு நீங்கள் தயங்கவே வேண்டாம்.

கேள்வி: நாங்கள் லயத்தில் இருக்கிறோம். மகன் மின்சார மோட்டார் சைக்கிள் வாங்குகிறேன் என்கிறான். இஸ்தோப்பில் வைத்துச் சார்ஜ் போடலாமா?
– வாசகி, நோர்வூட்

பதில்: அம்மா, வயரிங்கைப் பார்க்காமல் போடவிடாதீர்கள். ஒரு தோட்டத்து டிவிசனில் நான் கண்ணால் பார்த்தேன்: காம்பராவிலிருந்து ஜன்னல் வழியாக மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, ராத்திரி முழுக்கச் சார்ஜில் விட்டிருந்தார்கள். காலையில் பிளக் உருகிச் சுவரில் ஒட்டியிருந்தது. பக்கத்துக் காம்பராவில் கைப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரே கூரை, ஒரே பலகைத் தட்டு. தீ பிடித்திருந்தால் வரிசை முழுக்கப் போயிருக்கும். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா, எர்த் இருக்கிறதா என்று மின்சாரத் தொழில் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். பேட்டரிக்கென்று தனி வயர், தனிப் பிளக் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம். எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள்.

ஆனால் இதை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று பிரதேச சபைகள் பல காலம் சட்டத்தைக் காட்டின. 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு அது. 2018-இல் திருத்தினார்கள். இப்போது பிள்ளைக்காம்பரா பக்கத்திலோ கோயிலடியிலோ டிவிசனுக்கு ஒரு பொதுச் சார்ஜ் கொட்டகை போடச் சபை முன்வரலாம். நிலம் கம்பெனியின் குத்தகையில் இருப்பதால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். அதைச் சபைதான் எழுத்தில் வாங்கவேண்டும். இடம் பார்க்கும்போது, மண்சரிவு அபாயம் உள்ளதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் ஒரு கம்பிகூட நடக்கூடாது. 2025 நவம்பரில் டித்வா புயல் நம் மலைகளை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம்.

கேள்வி: குப்பையே ஒழுங்காக எடுக்காத சபைக்குச் சார்ஜ் நிலையம் ஒரு கேடா? நிலைபேறான அபிவிருத்தி என்றெல்லாம் பேசுவது வெறும் பேச்சுத்தானே?
– மாணவர், தலவாக்கலை

பதில்: கோபம் நியாயம். ஆனால் இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக வைக்காதீர்கள். டவுனுக்குள் குப்பை எடுக்கும் சிறு வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் அதே ரோடு, குறைந்த தூரம், ராத்திரி சபைக் கொட்டகையில். மின்சாரத்தில் ஓட அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. சபை முதலில் தன் சொந்த வண்டிகளில் ஒன்றை மாற்றட்டும். அதற்குப் போடும் பிளக்கைப் பகலில் ஊர்க்காரருக்குக் கட்டணத்துக்கு விடலாம். டீசல் செலவில் மிச்சம் வந்தால், குப்பை வண்டி இன்னொரு நடை போகும்.

இதெல்லாம் நடக்க, வரும் வருடத்துப் பாதீட்டில் ஒரு வரி இருக்கவேண்டும். பாதீடு வருடக் கடைசியில் சபைக்கு வருகிறது, ஆகவே மனு அதற்கு முன்பே, ஆவணி புரட்டாசியிலேயே, செயலாளர் கையில் இருக்கட்டும். தனியார் யாருக்காவது சபை நிலத்தைச் சார்ஜ் நிலையத்துக்குக் கொடுத்தால், எத்தனை வருடத்துக்கு, யூனிட்டுக்கு என்ன விலை, பழுதானால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

மஸ்கெலியாத் தம்பிக்கு ஒரு வார்த்தை: மனுவின் பிரதியை எனக்கும் அனுப்புங்கள். யூனிட் கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.