மார்கழி விடுமுறையில் வீட்டு கேக்: முதலில் டின்னைச் சிறிதாக்குங்கள்

கேள்வி: வியாசர்பாடியில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை போர்ஷனில் வசிக்கிறோம். மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவனுக்கு மூன்று வயது. சென்ற டிசம்பரில் குக்கரில் பிளம் கேக் செய்தபோது அடி கருகிவிட்டது, நடுப்பகுதி மாவாகவே நின்றுவிட்டது. இந்த அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு மறுபடி செய்து பார்க்க ஆசை. இதற்காக ஓடிஜி என்னும் மின்சார ஓவன் வாங்கித்தான் ஆக வேண்டுமா? மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். வெண்ணெயும் சர்க்கரையும் பிள்ளைகளுக்கு அதிகமாகிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

பதில்: ஓடிஜி கட்டாயமில்லை. நீங்கள் வாங்க வேண்டியது 15 சென்டிமீட்டர், அதாவது ஆறு அங்குல விட்டமுள்ள ஒரு வட்ட டின்னும் சமையலறைத் தராசும்தான். உங்கள் கடிதத்தில் டின்னின் அளவு இல்லை. ஆனால் அடி கருகி நடுப்பகுதி வேகாமல் நின்றது என்ற ஒன்றை வைத்தே, பாத்திரத்துக்குப் பொருந்தாத பெரிய டின்னில் கலவையை நிறைய ஊற்றியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கேக் கலவைக்குள் வெப்பம் மிக மெதுவாகவே பரவும். கலவையின் கனம் இரண்டு மடங்கானால், நடுப்பகுதி வேக ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் அடிப்பாகம் தீயின் மேல் காய்ந்துகொண்டே இருப்பதால், நடுப்பகுதி வெந்து முடிவதற்குள் அடி கருகத்தான் செய்யும். டின் சிறிதானால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. சர்க்கரையைப் பற்றிய உங்கள் கவலையும், மூன்று வயதுப் பிள்ளையின் பொறுமையும்கூட இந்த அளவோடு சேர்ந்த விஷயங்கள்தான் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் பாத்திரம். பிரஷர் குக்கரையே பயன்படுத்துவதானால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். ஆயினும் தினமும் சோறு வடிக்கும் குக்கரை நீரின்றிக் காயவைப்பதைவிட, வீட்டில் பழைய கனமான அலுமினியத் தேக்சாவோ அடிகனத்த குண்டானோ இருந்தால் அதை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. நான்ஸ்டிக் பாத்திரம் கூடவே கூடாது, ஏனெனில் வெறுமையாகச் சூடேறும்போது அதன் பூச்சு சிதையத் தொடங்கும். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு வளைய ஸ்டாண்டை வைத்து, நன்றாகப் பொருந்தும் தட்டால் மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் காயவிடுங்கள். டின்னை உள்ளே வைத்த பிறகு தீயை முழுதும் குறைத்துவிட வேண்டும். டின்னைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் இடைவெளி இருந்தால்தான் சூடான காற்று சுழன்று பக்கவாட்டிலும் வேகவைக்கும். மேலிருந்து வெப்பம் வராததால் அடுப்பில் வெந்த கேக்கின் மேற்புறம் வெளிறித்தான் இருக்கும். அதைப் பார்த்து வேகவில்லை என்று எண்ணி மேலும் காயவிடுவதே பல வீடுகளில் கேக் வறண்டுபோகக் காரணம்.

ஓடிஜி வாங்கும் எண்ணம் பிறகு வருமானால், விலைக்கு முன்பு ப்ளக் பாயிண்டைப் பாருங்கள். 1,500 வாட் ஓடிஜி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், 2,000 வாட் என்றால் ஏறத்தாழ எட்டே முக்கால் ஆம்பியர். வடசென்னையின் பழைய போர்ஷன்களில் சமையலறையில் பெரும்பாலும் மிக்ஸிக்கான சிறிய பாயிண்ட் மட்டுமே இருக்கும், அது இந்தச் சுமையைத் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி ஓட்டுவது ஆபத்து. வீட்டுக்காரரிடம் சொல்லி, எலக்ட்ரீஷியனைக் கொண்டு தனி வயருடன் 16 ஆம்பியர் பவர் ப்ளக் போட்டுக்கொண்ட பின்னரே வாங்குங்கள்.

இனி கேக். 15 சென்டிமீட்டர் டின்னுக்கு மைதா 125 கிராம், வெண்ணெய் 100 கிராம், முட்டை இரண்டு, சர்க்கரை மொத்தம் 120 கிராம், உலர் பழங்கள் 150 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்த பொடி அரை டீஸ்பூன் போதும். உப்பு சேர்த்த வெண்ணெயாக இருந்தால் தனியாக உப்பு வேண்டாம். உலர் திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, செர்ரி எல்லாமே பாரிமுனைப் பகுதியின் கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் சில்லறையாகவும் கிடைக்கும். டின்னுக்கு அடியில் போடும் பட்டர் பேப்பரை அருகிலேயே ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் பார்க்கலாம். செய்தித்தாளை வெட்டிப் போடும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் சூட்டிலும் எண்ணெய்ப் பசையிலும் எளிதாக உணவில் இறங்கும்.

பழங்களை முதல் நாள் இரவே கால் டம்ளர் ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவிடுங்கள். ரம்மில் ஊறவைப்பது பெரம்பூர், ராயபுரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம், அந்த மணம் அருமையானது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் வேகும்போது மது முழுவதும் ஆவியாகிவிடும் என்பது உண்மையன்று. சிறு பிள்ளைகள் சாப்பிடும் கேக்கில் அது வேண்டாம். மறுநாள் பழங்களை வடித்து, ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிச் சேர்த்தால் அவை அடியில் போய்த் தங்குவது குறையும். முந்திரி, பாதாமைப் பொடியாக நறுக்குங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுக் கொட்டை தொண்டையில் சிக்கக்கூடியது.

120 கிராம் சர்க்கரையில் பாதியைக் கருக்கிப் பாகாக்க வேண்டும். பிளம் கேக்கின் கருமை நிறமும் இலேசான கசப்பும் இதிலிருந்துதான் வருகின்றன, ஆகவே கடையில் விற்கும் நிறப்பொடியை நாட வேண்டாம். சர்க்கரை உருகித் தேன் நிறம் தாண்டி அடர்ந்த பழுப்புக்கு வந்தவுடன் அடுப்பை அணைத்து, 60 மில்லி வெந்நீரைச் சிறிது சிறிதாக, கையை எட்ட வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். பாகு அப்போது ஆவேசமாகப் பொங்கித் தெறிக்கும். கருகும் சர்க்கரை 160 டிகிரிக்கும் மேல் சூடேறியிருக்கும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு கொதிநீரைவிட ஆழமாகச் சுடும். இந்த ஒரு வேலையைப் பிள்ளைகள் உறங்கிய பிறகு, முதல் நாள் இரவில் முடித்து ஆறவைத்துவிடுங்கள் என்பது என் கண்டிப்பான அறிவுரை. தவறிப் பட்டுவிட்டால் உடனே குழாய் நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். மையோ பற்பசையோ தடவக் கூடாது.

வெண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சென்னையில் கேக் கெட்டியாகிப்போவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் கணிப்பு. வெண்ணெயையும் பாகுக்கு எடுத்தது போக மீதமுள்ள சர்க்கரையைப் பொடித்ததையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைத் துகள்கள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிய குமிழிகளைப் பெரிதாக உருவாக்குவதில்லை, இந்தக் குமிழிகளைத்தான் விரிக்கிறது. வெண்ணெய் 18 முதல் 21 டிகிரி வரை இருந்தால்தான் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய் என்று சமையல் குறிப்புகள் சொல்வது குளிர்நாட்டு அறையை மனத்தில் வைத்து. நமக்கோ டிசம்பரிலும் பகலில் 28, 29 டிகிரி இருக்கும், அடுப்பெரியும் சிறிய சமையலறையில் அதைவிடவும் கூடும். காலையில் எடுத்து வைத்த வெண்ணெய் மதியத்துக்குள் எண்ணெய்ப் பளபளப்புடன் தளர்ந்துவிடும், அதை எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. ஆகவே மார்கழி விடியற்காலை 21, 22 டிகிரிக்கு இறங்கியிருக்கும் நேரமே இதற்கு உகந்தது. கோலம் போட எழும் வழக்கமுள்ள வீடு என்றால் பிள்ளைகளும் கூடவே எழுந்து வாசலில் வண்ணப்பொடி தூவிவிட்டு வரட்டும், அந்த நேரத்துக்குள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெய் பதத்துக்கு வந்திருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் படியக் கூடாது. வெளிறி, பஞ்சுபோல் ஆகும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஆறிய பாகையும் பழங்களையும் கலந்து, சலித்த மாவைக் கடைசியில் மடித்துச் சேருங்கள். மாவு சேர்ந்த பின் அதிகம் கிளறினால் கேக் ரப்பர்போல் இழுக்கும். கலந்த கலவை காத்திருக்கக் கூடாது என்பதால் பாத்திரத்தை முன்பே காயவைத்திருக்க வேண்டும்.

தேக்சாவில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஓடிஜி என்றால் 160 டிகிரியில் ஏறத்தாழ அதே நேரம்தான். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள், கலவை கெட்டிப்படும் முன் குளிர்ந்த காற்று பட்டால் நடுப்பகுதி அமுங்கிவிடும். நடுவில் குத்திய குச்சி மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

மாமியாருக்காக முட்டை இல்லாமல் செய்வதானால், இரண்டு முட்டைக்குப் பதிலாக 120 கிராம் கெட்டித் தயிரும் கால் டீஸ்பூன் சோடா உப்பும் சேர்த்து, பேக்கிங் பவுடரை அரை டீஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தயிரின் புளிப்புப் பட்டவுடனே சோடா வேலையைத் தொடங்கிவிடுவதால் இந்தக் கலவை இன்னும் விரைவாக அடுப்புக்குப் போக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேக்காக முட்டையில்லாததையே செய்துவிடுவது நல்லது என்று கருதுகிறேன். பாட்டியும் அதே துண்டைச் சாப்பிடுவது பிள்ளைகளுக்குப் பெரிய மகிழ்ச்சி. பச்சைக் கலவையை நக்கும் ஆசையை மட்டும் தடுத்துவிடுங்கள், முட்டை இல்லாவிட்டாலும் வேகாத மைதாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

சர்க்கரைக்கு வருவோம். அளவைப் பாதியாக்கச் சொல்ல மாட்டேன், ஏனெனில் கேக்கின் ஈரத்தையும் மென்மையையும் காப்பது சர்க்கரைதான். குறைத்தால் இனிப்பு மட்டுமன்றி அமைப்பும் கெடும். அமெரிக்க இதயச் சங்கம் 2 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு ஒரு நாளில் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இந்தச் சிறிய கேக்கைப் பன்னிரண்டு துண்டுகளாக்கினால் ஒரு துண்டில் நீங்கள் சேர்த்த சர்க்கரை 10 கிராம், டூட்டி ஃப்ரூட்டியில் உள்ளதையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். அன்றைக்குப் பாலில் கலக்கும் மால்ட் பொடியையும் பாக்கெட் ஜூஸையும் நிறுத்திவிட்டு, நல்ல வெண்ணெயில் செய்த ஒரு முழுத் துண்டை நிம்மதியாகக் கொடுங்கள். பண்டிகை நாளில் பிள்ளைக்குப் பாதி ருசியில் ஒன்றைக் கொடுத்து மூன்று துண்டு கேட்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உண்மையில் பிள்ளைகளின் கைக்கு ஏற்ற பலகாரம் கேக்கைவிட நான்கட்டாய் என்னும் நெய் பிஸ்கட்தான். மைதா ஒரு கப், கடலை மாவும் ரவையும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி, பொடித்த சர்க்கரை அரை கப், நெய் அரை கப், ஏலப்பொடி, ஒரு சிட்டிகை சோடா உப்பு, இவ்வளவே. முட்டையும் இல்லை. உறைந்து மணல்மணலாக நிற்கும் நெய்யே இதற்குச் சிறந்தது, டிசம்பரில் அது தானாகவே அந்தப் பதத்தில் இருக்கும். மூன்று வயதுக்காரன் சல்லடையைத் தட்டலாம், உருட்டிய உருண்டையின் நடுவில் விரலால் அழுத்திப் பிஸ்தாத் தூளை வைக்கலாம். ஆறு வயதுக்காரி தராசில் அளக்கவும், உருண்டைகளை ஒரே அளவில் பிடிக்கவும் முடியும். மூன்று வயதில் ஒரு வேலையில் மனம் நிற்பது கால் மணி நேரம்கூட இருக்காது. ஆகவே பழம் நனைப்பதை ஒரு நாளும், கேக்கை மறுநாளும், நான்கட்டாயை மழை வந்து வெளியே போக முடியாத ஏதோ ஒரு மாலையிலும் வைத்துக்கொண்டால், விடுமுறை முழுவதும் அவர்கள் எதிர்பார்த்திருக்க ஏதேனும் இருந்துகொண்டே இருக்கும். முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்திச் சுருட்டும் கல்கல் இன்னும் வேடிக்கையான வேலை. சுருட்டுவது அவர்களுடையது, எண்ணெயில் பொரிப்பது உங்களுடையது. நான்கட்டாய் 160 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வேக வேண்டும். தேக்சாவில் சிறிய தட்டில் ஆறேழாக வைத்துச் செய்யலாம். எடுத்தவுடன் மெத்தென்றுதான் இருக்கும், ஆறிய பிறகே மொறுமொறுப்பு வரும்.

கடைசியாக ஈரம். வடகிழக்குப் பருவமழைக் காற்றில், அதுவும் கடலோரத்துக்கு இவ்வளவு அருகில், மைதாவும் பேக்கிங் பவுடரும் திறந்த பாக்கெட்டில் இருந்தால் விரைவில் நமர்த்துவிடும். சென்ற ஆண்டு வாங்கிய பேக்கிங் பவுடர் இருந்தால் ஒரு ஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கவில்லையெனில் தூக்கி எறியுங்கள். வெந்த கேக்கை 10 நிமிடம் டின்னிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து முழுதும் ஆறவிடுங்கள். இளஞ்சூட்டில் டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சாற்றில் ஊறிய பழங்கள் சேர்ந்த கேக் என்பதால் வெளியில் மூன்று நாளுக்கு மேல் வைக்காமல் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், அங்கே ஒரு வாரம் தாங்கும். நான்கட்டாய் நமர்த்துப்போனால் காயவைத்த தேக்சாவில் ஐந்து நிமிடம் சூடாக்கி ஆறவைத்து, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு வையுங்கள்.