ஃபைட்டருக்கு அந்தக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம், தங்கச்சி

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். எட்டு வயது மகன் ஒரு ஃபைட்டர் மீனுக்கு அடம்பிடிக்கிறானாம். கடையில் மூன்று லீற்றர் பிடிக்கிற கண்ணாடிக் கிண்ணத்தையும் மீனையும் சேர்த்தே தருகிறார்கள், "வயல் சேற்றில் கிடக்கிற மீன்தானே, இது போதும்" என்றாராம் கடைக்காரர். வீட்டு மேசையில் ஒன்றரை அடி இடம் இருக்கிறது, தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். ஃபில்டர், ஹீற்றர் எல்லாம் வேணுமா, ஒரேயடியாக இரண்டு மீன் வாங்கலாமா என்றும் கேட்கிறார்.

கிண்ணத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒன்றரை அடி மேசை இருக்கிறதே, அது தாராளம்.

கடைக்காரர் சொன்ன வயல் கதை பொய்யில்லை, பாதிக் கதை. தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்ந்த மீன்தான் இது, 2019 இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. ஆனால் வயல் எப்படி இருக்கும் என்று மட்டக்களப்பு ஆளுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? மாரியில் படுவான்கரைப் பக்கம் போய் ஒரு வரம்பில் நின்று பாருங்கள், தண்ணீர் கணுக்காலளவுதான், ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். ஆழம் குறைவு என்பதற்காக அதைக் கிண்ணத்தோடு ஒப்பிட்டால் எப்படி?

நம் பனையேறி மீன் மாதிரி ஃபைட்டருக்கும் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு ஒன்று உண்டு. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கும். அதனால்தான் கிண்ணத்திலும் உடனே சாகாது, சாகாததைப் பார்த்து எல்லோரும் நல்லாயிருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். மூச்சு மேலேயிருந்து வருகிறது, சரி, கழிவு எங்கே போகும்? தண்ணீருக்குள்ளேயேதான் நிற்கும், அமோனியாவாக. மூன்று லீற்றரில் அது இரண்டு மூன்று நாளிலேயே செவுளைச் சுடுகிற அளவுக்கு ஏறலாம். என் முதல் ஃபைட்டரை நானும் டொபிப் போத்தலில்தான் வளர்த்தேன். நீல நிறம், வால் விரிந்தால் பட்டுத்துணி மாதிரி இருக்கும். இரண்டாம் கிழமை வாலின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்தது, பிறகு அடியில் போய்ச் சாய்ந்தே கிடந்தது. அப்போது மீனைத்தான் குறை சொன்னேன்.

அளவுக்கு வருவோம். நீளம் ஒன்றரை அடி, அகலமும் உயரமும் பத்துப் பத்து அங்குலம், இப்படி ஒரு சாதாரண நீள்சதுரத் தொட்டி வாங்குங்கள். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் கிட்டத்தட்ட 22 லீற்றர் நிற்கும். காசு இடிக்கிறதென்றால் ஒரு அடித் தொட்டி, ஆனால் 10 லீற்றருக்குக் கீழே இறங்காதீர்கள். உயரமான குழாய் மாதிரித் தொட்டிகள் பார்க்க அழகு, நீண்ட செட்டையை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறி இறங்குகிற மீனுக்கு அது படிக்கட்டு வீடு. தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 30 கிலோவுக்குக் கிட்ட வரும், பிளாஸ்டிக் மேசை தாங்காது. தொட்டிக்குக் கீழே ஒரு ரெஜிபோம் தகடு போடுங்கள். புதுத் தொட்டியில் வினாகிரி மணம் வந்தால் ஒட்டின பசை இன்னும் காயவில்லை, நாலைந்து நாள் காற்றாட வைத்துவிட்டு முற்றத்தில் ஒரு நாள் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

ஹீற்றர் வேண்டாம். இந்த மீனுக்கு 24 முதல் 28 பாகை நல்லது, நமக்குக் குளிர் பிரச்சினை இல்லை, கச்சான் காற்று வீசுகிற மாதங்கள்தான் பிரச்சினை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் சின்னக் கிண்ணம் தேநீர் மாதிரிச் சுட்டு இரவில் ஆறும், 22 லீற்றர் அவ்வளவு சீக்கிரம் ஏறி இறங்காது. வெயில் விழாத பக்கமாக வையுங்கள். மிகவும் சூடென்றால் மின்விசிறிக் காற்றைத் தண்ணீரின் மேற்பரப்பில் படவிட்டாலே ஓரிரு பாகை இறங்கும், ஐஸ் கட்டி போடாதீர்கள்.

மூடி கட்டாயம். ஃபைட்டர் துள்ளும். ஒரு நாள் காலையில் மேசைக்குப் பின்னால் காய்ந்த இலை கிடக்கிறதென்று எடுக்கப் போனேன், எறும்பு வரிசையைக் கண்ட பிறகுதான் மீனென்று விளங்கியது. விலை கூடிய மூடி தேவையில்லை, நுளம்பு வலைத் துண்டை இழுத்துக் கட்டினால் காற்றும் போகும், பல்லியும் விழாது.

ஃபில்டர் வேண்டும், ஆனால் மெதுவானது. காற்றுப் பம்பில் ஓடுகிற ஸ்பொஞ்ச் ஃபில்டர்தான் என் தெரிவு. வேகமாகத் தண்ணீர் தள்ளுகிற ஃபில்டரில் மீன் நாள் முழுக்க நீரோட்டத்தோடு மல்லுக்கட்டிக் களைத்துவிடும். அமோனியாவை மாற்றுகிற பற்றீரியா அந்த ஸ்பொஞ்சில்தான் குடியிருக்கிறது, அதனால் அதைக் குழாய்க்குக் கீழே கழுவாமல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிடுங்கள். கரண்ட் இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் பயமில்லை.

கிணற்றுத் தண்ணீரை முதலில் வாயில் விட்டுப் பாருங்கள். உவர்ப்பாக இருந்தால் வேண்டாம், வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற நமக்கு இது சகஜம். நல்ல தண்ணீர் என்றாலும் ஒரு இரவு வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அல்லது குழாய்த் தண்ணீர் பாவித்தால், கடையில் விற்கிற குளோரின் நீக்கும் துளியும் விட வேண்டும்.

மீனைத் தொட்டியோடு சேர்த்து ஒரே நாளில் வாங்காதீர்கள், பற்றீரியா பெருக மூன்று நான்கு கிழமை ஆகலாம். மீன் வளர்க்கிற ஒருவரிடம் பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேட்டு உள்ளே போட்டால் வேகமாக ஆகும். மகன் அவ்வளவு நாள் பொறுக்க மாட்டான் என்றால், மீன் வந்த முதல் மாதம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், அப்புறம் கிழமைக்கு ஒரு தடவை போதும்.

இரண்டு ஆண் மீன் ஒரே தொட்டியில் கூடவே கூடாது, ஒன்று மற்றதைக் கிழித்துவிடும். நடுவில் கண்ணாடி வைத்துப் பிரித்தாலும் நாள் முழுக்க எதிரியைப் பார்த்துக்கொண்டே இருந்து நொந்துபோகும். சண்டைக் கோலத்தைப் பார்க்கத்தான் மகனுக்கு ஆசை என்றால் தொட்டிக்கு வெளியே ஒரு கைக்கண்ணாடியைக் காட்டச் சொல்லுங்கள். செவுளை விரித்து, செட்டையெல்லாம் தூக்கிக்கொண்டு வரும். ஒரு நிமிடம், அதுவும் எப்போதாவது. பிறகு கண்ணாடியை எடுத்துவிட வேண்டும்.