ஸ்டுட்கார்ட் வரும் தம்பிக்கு

"அக்கா, மேற்படிப்புக்கு ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் வருகிறேன். நாங்கள் சி.எஸ்.ஐ. அங்கே நல்ல தமிழ்ச் சபை எது? குளிருக்கு என்ன வாங்க வேண்டும்? முகவரிப் பதிவில் மதம் கேட்பார்களாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குளிர் உடுப்பை இங்கே வந்து வாங்குங்கள் தம்பி, சென்னையில் விற்பது காணாது. மதத்தை உள்ளபடி எழுதுங்கள். புராட்டஸ்டண்ட் என்றோ கத்தோலிக்கர் என்றோ பதிந்தால் சபை வரி உண்டு. இந்த மாநிலத்தில் 8 சதவீதம். சம்பளத்தில் அல்ல, கட்டும் வருமான வரியின் மேல். வருமான வரி கட்டாத மாணவரிடம் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள். நம் ஆட்கள் இதைப் பெரிதாக்கிப் பயமுறுத்துவார்கள். மதமே இல்லை என்று எழுதிவிட்டு, சபை நடத்தும் மழலையர் பள்ளியில் பிள்ளைக்கு இடம் கேட்டு முதலில் நிற்பதும் அவர்கள்தான்.

தமிழ்ச் சபைக்குப் போங்கள், பாட்டும் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் அதையே நம்பி இருந்துவிடாதீர்கள். நான் வந்த புதிதில், ஜனவரிக் குளிரில் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆராதனை முடிந்து விஷயத்தைச் சொன்னேன். "ஜெபிக்கிறோம்மா" என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருவர் காரிலும் என் பெட்டியை வைக்க இடமில்லை. 'அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்' என்று இயேசு சொல்லும் மத்தேயு 25ஐ ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவர்கள்தான் எல்லாரும். பிற்பாடு அந்தச் சபை யார் பிரசங்கிப்பது என்ற சண்டையில் இரண்டாக உடைந்தது.

இடம் கொடுத்தது வகுப்புத் தோழியின் பாட்டி. அவர் சத்தமாக ஜெபித்து நான் கேட்டதே இல்லை. லியோன்ஹார்ட் ஆலயத்துக்குக் கூட்டிப்போனார். 1995 முதல் குளிர்காலத்தில் பல வாரங்கள் அங்கே 'ஃபெஸ்பர்கிர்ஷே' நடக்கிறது. ஆலயத்துக்குள்ளேயே சூடான மதியச் சாப்பாடு. நம் திருநெல்வேலிச் சபைகளில் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசன விருந்து போலத்தான், யார் பக்கத்தில் யார் என்ற கணக்கில்லை. வீடில்லாதவர், ஓய்வூதியம் போதாத முதியவர், போதைக்கு அடிமையானவர் எல்லாரும் வருவார்கள். மருத்துவர் பார்ப்பார், முடி வெட்டிவிட ஆள் இருக்கும், அவர்கள் கூட்டிவரும் நாய்க்குக்கூட வைத்தியம் உண்டு. உதவ விரும்பினால் முன்கூட்டியே பெயர் கொடுங்கள்.

ஊரில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காதவள் நான். அங்கே ரொட்டிக்கு வெண்ணெய் தடவ உட்கார்ந்தேன். முதல் நாளே ஒரு பெரியவர் பொட்டலத்தைத் திருப்பி நீட்டினார், வெண்ணெய் போதவில்லையாம். இலவசமாக வாங்குவதில் இவ்வளவு குறையா என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. பாட்டி மன்னிப்புக் கேட்டு, அவர் சொன்ன அளவுக்குத் தடவிக் கொடுத்தார். அப்புறம் அந்த மனுஷர் தினமும் என் மேசைக்கே வருவார். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்து, சொல்லுக்குச் சொல் திருத்துவார். ஜெர்மன் வகுப்புக்குக் கொட்டிய பணத்தில் இதில் பாதிகூட வரவில்லை. என் பேச்சில் ஸ்வேபிய வாடை, அதாவது இந்தப் பக்கத்து வட்டார வழக்கு, அடிக்கிறது என்று அலுவலகத்தில் இன்றும் கிண்டல் செய்கிறார்கள். அது முழுக்க அவர் உபயம்.